போகாத ஊர்ல போடாத ஹெல்மெட்டுக்கு அபராதம்: தப்பான சலானுக்கு கோர்ட்டுக்குப் போனவங்க அனுபவம்

நெல்லைக்காரன்:

தப்பா வந்த சலானுக்கு கோர்ட்டு வரைக்கும் போனவங்க யாராவது உண்டான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தாரு, வந்த பதில் பூராம் ‘ஆயிரம் ரூவாதான, கட்டித் தொலைச்சிட்டு சோலியப் பாருங்க’ங்கிற மாதிரிதான் இருந்துச்சு. நான் கட்டல. போயிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் இருக்கது திருநெல்வேலி. சலான் வந்தது ஒரு ராத்திரி பஸ் தூரத்துல இருக்க ஒரு பெரிய ஊர்லருந்து. ஹெல்மெட் போடல, மோட்டார் வாகனச் சட்டம் செக்சன் 194டி, ஆயிரம் ரூபாய். பரிவாகன் இ-சலான் சைட்ல வண்டி நம்பரோட சேஸிஸ் நம்பர்ல கடைசி அஞ்சு எழுத்தையும் போட்டா போட்டோ வரும், பாத்தா அதுல ஒரு ஸ்கூட்டி நிக்கு. என் வண்டி ஸ்ப்ளெண்டர்! ஸ்கூட்டில ஒரு தம்பி காதுல ஹெட்செட்டோட உக்காந்திருக்கான், நம்பர் பிளேட்டுல 3ங்கிற எண்ண கீழயும் மேலயும் சுழிச்சு ஸ்டைலா எழுதி வச்சிருக்கான், அத மெஷின் படிச்சுச்சோ மனுசன் படிச்சாரோ, 8ன்னு படிச்சு என் தலைல கட்டிட்டாங்க. ஆர்சில என்ன மாடல், போட்டோல என்ன வண்டின்னு ஒரு ஆளு ஏறிட்டுப் பாத்திருந்தா அங்கனயே முடிஞ்சிருக்கும்.

ஏன் கட்டலன்னா, ரோசம்லாம் அப்புறம்தான். 194டில ஆயிரத்தோட நிக்காது, லைசென்ஸ் மூணு மாசம் தகுதிநீக்கம்னும் அந்த செக்சன்லயே இருக்கு. எல்லார் மேலயும் அத பாய்ச்சுதாங்களான்னா இல்ல, ஆனா பணத்தக் கட்டுனா நான் ஒத்துக்கிட்டதாதான் கணக்கு, நாளைக்கு எவனாவது ரெக்கார்ட எடுத்துப் பாத்தா என் பேர்ல அது நிக்கும். நான் ஆஸ்பத்திரி லேப்ல நைட் டூட்டி பாக்க ஆளு, ராத்திரி ரெண்டு மணிக்கு கூப்பிட்டா வண்டி இல்லாம எதுல போக?

மொதல்ல செஞ்சது, போட்டோவ அந்த பக்கத்தோட தேதி நேரம் எல்லாம் தெரியுற மாதிரி பிரிண்ட் எடுத்தது. அப்புறம் ஆர்சி காப்பி, என் வண்டிய நாலு பக்கமும் எடுத்த போட்டோ, அன்னைக்கு நான் டூட்டில இருந்தேன்னு ஆஸ்பத்திரி லெட்டர்பேட்ல பயோமெட்ரிக் டைமோட ஒரு கடுதாசி. அதுக்கப்புறம் உள்ளூர் ஸ்டேசன்ல போய் ‘என் நம்பர்ல வேற வண்டி ஓடுது’ன்னு மனு குடுத்தேன். ஏட்டையா வாசிச்சுப் பாத்துட்டு, “தம்பி, இது அங்க நடந்தது, அங்கல்லா போய் குடுக்கணும்”னாரு. “ஐயா, நாளைக்கு அந்த ஸ்கூட்டிக்காரன் யாரையாவது இடிச்சுட்டுப் போனா என் வீட்டுக்குதான வருவீங்க”ன்னேன். கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்தாரு, ஒண்ணும் சொல்லல, மனு வாங்குனதுக்கு ரசீதா சிஎஸ்ஆர் போட்டுக் குடுத்துட்டாரு. அந்த ஒத்தத் தாள்தான் பின்னால எனக்கு பெருசா உதவுச்சு.

சைட்லயே புகார் குடுக்க ஒரு இடம் இருக்கு, குடுத்தேன். சில வாரம் கழிச்சுப் பாத்தா புகார் முடிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு, சலான் அப்படியே நிக்கு. என்னத்த முடிச்சாங்கன்னு அவங்களத்தான் கேக்கணும்.

பெறவு ஒருநா ஆன்லைன்ல நடக்க விர்ச்சுவல் கோர்ட்லருந்து மெசேஜ். உள்ள போய் ஓடிபி போட்டா ரெண்டே வழிதான், சொன்ன அபராதத்தக் கட்டுதேன்னு ஒண்ணு, வழக்கு நடத்துதேன்னு ஒண்ணு. ரெண்டாவத அமுக்குனேன். அமுக்குன ஒடனே வீட்ல உக்காந்துக்கிட்டே பேசலாம்னு நெனைச்சுராதீங்க, கேஸு அந்த ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போயிரும், நேர்ல வரச்சொல்லி சம்மன் வரும். எனக்கு இதுலதான் ஆத்திரம். கட்டுதேன்னு சொல்ல வீட்ல இருந்தே வசதி, நான் செய்யலன்னு சொல்ல பஸ் ஏறணும். ஆயிரம் ரூபாய்க்கு எவன் ஏறுவான்? ஏறமாட்டான்ங்கிறதுதான் இந்த ஏற்பாட்டுக்கே தெம்பு.

பெட்டி கேஸ், அதாவது சின்னச் சின்னக் குத்தத்துக்கான கேஸ் நடக்க நாள்ல கோர்ட்டப் பாத்திருக்கீங்களா, அது தனி உலகம். ஷேர் ஆட்டோக்காரங்க, அப்பாவோட தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க காலேஜ் பசங்க, குடிச்சிட்டு ஓட்டி பத்தாயிரம் கட்ட வந்தவங்க, எல்லாரும் ஒரே வராண்டாவுல. வாசல்லயே ஒருத்தர் கையப் பிடிச்சாரு, “முன்னூறு குடுங்க, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டி அரை மணி நேரத்துல வெளிய வந்துரலாம்”. நான் செய்யலன்னேன். “செஞ்சவங்க மட்டுமா இங்க ஒத்துக்கிறாங்க”ன்னாரு பாருங்க, சிரிக்கதா அழுகதான்னு தெரியல.

போர்டுல ஒட்டிருக்க லிஸ்டுல என் கேஸோட எஸ்டிசி நம்பரப் பாத்து வச்சுக்கிட்டு உள்ள நின்னேன். டவாலி பேரக் கூப்பிடுவாரு, ஆளு ஏறுவாரு, “ஒத்துக்கிறீங்களா”, “ஆமாங்கம்மா”, தொகை, எறங்குவாரு, அடுத்த ஆளு. இப்படியே மடமடன்னு போயிட்டிருக்கு, நான் ஏறி “இல்லங்கம்மா”ன்னதும் பெஞ்ச் கிளார்க் எழுதுறத நிறுத்திட்டு நிமிந்து பாக்காரு.

“என்ன இல்ல?”ன்னாங்க மாஜிஸ்திரேட் அம்மா.

“வண்டியே என்னோடது இல்லங்கம்மா.”

ஃபைல வாங்கிப் பாத்தாங்க. போட்டோவையும் ஆர்சியையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு ஏபிபி, அதான் அரசுத் தரப்பு வக்கீல், பக்கம் திரும்பி, “இது ஸ்கூட்டர்தானே?”ன்னாங்க. அவரு ரிப்போர்ட் கேட்டு சொல்றோம்னாரு. வாய்தா. அடுத்த வாய்தாவுக்கு சலான் போட்ட எஸ்ஐ வரல, பந்தோபஸ்து டூட்டியாம், நான் மட்டும் வந்து நின்னுட்டுத் திரும்புனேன். ஒருவழியா அவரு வந்த அன்னைக்கு வெளிய வச்சு என்கிட்ட தன்மையாத்தான் பேசுனாரு, “நம்பர் ஏத்துறப்ப தப்பாயிருச்சு சார், நீங்க ஆபீஸுக்கு நேரா வந்திருக்கலாம்ல”ன்னாரு. வந்திருக்கலாம், அதுக்கும் அதே பஸ்ஸுதான. அப்புறம் தப்பா ஏறுனதுன்னு எழுதிக் குடுத்தாங்க, சிஎஸ்ஆர் தேதியையும் மாஜிஸ்திரேட் குறிச்சுக்கிட்டாங்க, கேஸ் முடிஞ்சுது. லீவு, பஸ் சார்ஜு எல்லாம் பாத்தா சலான் தொகைய விட எவ்வளவோ ஆயிப் போச்சு, அத யாருகிட்ட கேக்க.

கோவை டாக்ஸி:

நான் தோத்த கதைங்க. நோ பார்க்கிங்னு செக்சன் 177ல போட்டாங்க. அந்த போர்டு மேல ஏதோ காதுகுத்து ஃபிளெக்ஸ் கட்டி முழுசா மறைச்சு வெச்சிருந்தாங்க, போர்டு இருக்கறதே நமக்குத் தெரியலீங்க. ஸ்டாண்டுல சொன்னா ஒருத்தனும் நம்பல, அடுத்த நாளு போயி போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனனுங்க. ஐயா பாத்துட்டு, “இது மறுநாள் எடுத்தது, அன்னிக்கே மறைச்சிருந்துச்சுன்னு எப்படி நம்பறது”ன்னுட்டாரு. கேட்டதுல நாயம் இருக்குதுங்களே, நானென்ன சொல்ல. கடைசில ஐநூற எரநூறாக் கொறச்சு விட்டாரு. அன்னிக்கு ஓட்டம் போனதுல ஆயிரத்துக்கு மேல போச்சுங்க. வண்டிய விட்டு எறங்கறப்பவே நாலு போட்டோ எடுத்துப் போடுங்க சாமி, போர்டு தெரியறாப்புல, வண்டியும் தெரியறாப்புல.

புதுசா வந்தவன்:

நெல்லை அண்ணா செம. ஒரு டவுட்டு, 15 நாளைக்குள்ள நோட்டீஸ் வரலன்னா சலான் செல்லாதுன்னு வாட்ஸப்ல சுத்துதே உண்மையா? எனக்கு ரெண்டு மாசம் கழிச்சுதான் மெசேஜே வந்துச்சு. அப்போ விட்டுடலாமா?

ஜூனியர் வக்கீல்:

விட்டுடாதீங்க தம்பி, பாதி உண்மை. 15 நாள் கணக்கு மத்திய மோட்டார் வாகன விதி 167ஏல இருக்கு, 2021 ஆகஸ்ட்ல சேத்தாங்க. கேமரா மாதிரி கருவில புடிச்ச கேஸுக்கு சம்பவம் நடந்து 15 நாளைக்குள்ள நோட்டீஸ் அனுப்பணும், போட்டோல குத்தமும் நம்பர் பிளேட்டும் தெளிவாத் தெரியணும், இடம் தேதி நேரம் பதிவாயிருக்கணும், கருவிக்கு அரசு குடுத்த அங்கீகாரச் சான்று இருக்கணும், அத வருசா வருசம் புதுப்பிக்கணும், கேமரா இருக்குன்னு ரோட்ல அறிவிப்பு வெக்கணும். ஆனா 15 நாள் தாண்டுனா சலான் தானா செத்துடும்னு அதுல எழுதல. நீங்க போய் எடுத்துச் சொன்னாதான் அது ஒரு பாயிண்ட், வீட்ல உக்காந்திருந்தா வெறும் வாட்ஸப்.

அதவிட வலுவானது ஆறு மாசக் கணக்கு. அபராதம் மட்டுமே தண்டனையா இருக்குற குத்தம்னா ஆறு மாசத்துக்குள்ள கோர்ட்ல தாக்கல் பண்ணியாகணும், முன்னாடி குற்ற விசாரணை முறைச் சட்டம் (சிஆர்பிசி) 468, 2024 ஜூலை 1லேர்ந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் 514. மூணு வருசத்துக்கு முந்தின சலான் எல்லாம் இன்னிக்கு புதுசா கோர்ட்டுக்கு வருதுன்னா மொதல் கேள்வியே அதுதான். தாமதத்த மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டுங்கறதால இதையும் மந்திரம் மாதிரி நம்பிட்டு இருக்காதீங்க. குடிச்சிட்டு ஓட்டுற செக்சன் 185க்கு ஜெயிலும் உண்டு, அதனால அதுக்கு ஆறு மாசம் இல்ல, மொதல் தடவைன்னா ஒரு வருசம்.

போட்டோ மட்டும்தான் சாட்சின்னா அதுக்கு மின்னணு சான்றிதழ் எங்கன்னு கேளுங்க. பழைய சாட்சியச் சட்டத்துல 65பி, இப்ப பாரதிய சாட்சிய சட்டம் 63. அசல் கருவியவே கொண்டு வந்து காட்டாத பட்சத்துல அது கட்டாயம்னு 2020லயே சுப்ரீம் கோர்ட் தெளிவாச் சொல்லிடுச்சு. பெட்டி கேஸ்ல இதையெல்லாம் யாரும் கேக்கறதில்லங்கறதால யாரும் கொண்டு வர்றதும் இல்ல. கருவி அங்கீகாரச் சான்றுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடலாம், பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 30 நாளைக்குள்ள பதில் சொல்லணும்.

கோவை அண்ணனுக்கு எப்படிக் கொறஞ்சுதுன்னா 177ல ‘ஐநூறு ரூபாய் வரை’ன்னு இருக்கு, மாஜிஸ்திரேட் உள்ளுக்குள்ள எவ்வளவு வேணா போடலாம். 194டில ‘வரை’ கிடையாது, ஆயிரம்னா ஆயிரம். அதனால ஹெல்மெட் கேஸ்ல கெஞ்சிக் கொறைக்கலாம்னு போகாதீங்க, செய்யலன்னா மட்டும் போங்க.

ஸ்காபரோ அண்ணை:

நான் கனடாவிலை இருக்கிறன், இஞ்சத்தைய கதையையும் கேளுங்கோ. ஸ்ரொப் சைனிலை முழுசா நிக்கேல்லை எண்டு பொலிஸ் மறிச்சு டிக்கெற் தந்தது, 110 டொலர், லைசன்சிலை ஏறுற குற்றப்புள்ளி, டிமெரிற் பொயின்ற், மூண்டு. காசு பெரிசில்லை, குற்றம் எண்டு பதிவு விழுந்தால் இன்சூரன்ஸ்காரன் ஏத்திப்போடுவான், இஞ்ச எங்கடை சனம் கோட்டுக்கு ஓடுறதே அதுக்குத்தான். 15 நாளுக்குள்ளை பதில் சொல்லோணும்: காசைக் கட்டலாம், இல்லாட்டி புரொசிகியூட்டரோடை கதைச்சுப் பாக்கலாம், இல்லாட்டி விசாரணை கேக்கலாம். பொலிஸ் கோட்டுக்கு வராது, கேஸ் தன்பாட்டிலை விழுந்திடும் எண்டு எல்லாரும் சொன்னவை. நான் அதை நம்பேல்லை, டிஸ்குளோசர், அதாவது அவையிட்டை இருக்கிற ஆதாரத்தைத் தரச்சொல்லிக் கேட்டு, பொலிஸ்காரன் எழுதின நோட்ஸை எடுத்தன். தான் எந்த இடத்திலை காரை நிப்பாட்டி வைச்சிருந்தவன் எண்டு அதிலை எழுதியிருக்கிறான், நான் போய் அதே இடத்திலை நிண்டு பாத்தால் ஸ்ரொப் கோடு தெரியாது, வீட்டுக்காரன்ரை வேலிச்செடி மறைக்குது! அதைப் படமெடுத்தன்.

சொன்ன நாளிலை பொலிஸ்காரன் ரை கட்டிக்கொண்டு வந்து நிக்கிறான். தமிழ் இன்ரப்பிரெற்றர் கேட்டு வைச்சிருந்தனான், எனக்கு இங்கிலீசு ஓடும்தான், எண்டாலும் ஒரு கேள்விக்கு ரெண்டு தரம் யோசிக்க நேரம் கிடைக்கும் பாருங்கோ. கோடு உங்களுக்குத் தெரிஞ்சதோ எண்டு மட்டும் கேட்டன். கார் நிக்காமல் போனது தெரிஞ்சது எண்டான். கோடு? அதுக்கு ஒழுங்கான மறுமொழி இல்லை. படத்தைப் பாத்திட்டு கேசை விசாரிச்ச ஜஸ்டிஸ் ஒஃப் த பீஸ் (நீதவான்) தள்ளுபடி செய்தவர். உண்மையைச் சொன்னால் நான் நிண்டனான், வடிவா நிண்டனான், மனிசிதான் பக்கத்திலை இருந்து “ஏனப்பா இவ்வளவு நேரம் நிக்கிறியள்” எண்டு பேசினவ.

புதுசா வந்தவன்:

ஸ்காபரோ அண்ணி பாவம், அவங்களையே சாட்சியா கூட்டிட்டுப் போயிருக்கலாம் அண்ணே 😂 நெல்லை அண்ணா, நீங்க வக்கீல் வச்சீங்களா? முடிஞ்சதுக்கு அப்புறம் சைட்ல சலான் தானா போயிடுச்சா?

நெல்லைக்காரன்:

வக்கீல் வைக்கல. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வரமுடியாதுன்னா வக்கீல் வச்சு ஆஜராகாம இருக்க பெட்டிஷன் போடலாம், நான் பாத்த வரைக்கும் எல்லாரும் இன்னும் பழைய சிஆர்பிசி செக்சன் நம்பர்ல ‘317 போட்டாச்சா’ன்னுதான் கேக்காங்க. ஃபீஸக் கேட்டுட்டு நானே போயிறேன்னுட்டேன். பொம்பளைங்க, எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிங்கன்னா வருமானம் பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் காம்பவுண்டுக்குள்ளயே ஆபீஸ் இருந்துச்சு, கேட்டுப் பாருங்க.

சைட்ல தானால்லாம் போகாது தம்பி. கோர்ட்ல முடிஞ்சு ரொம்ப நாளாகியும் சலான் பாக்கின்னே காட்டிக்கிட்டிருந்துச்சு. அப்படியே விட்டா வண்டிய விக்கப் போறப்ப பேர் மாத்த முடியாம நிக்கணும், என் மச்சினனுக்கு அப்படித்தான் ஆச்சு. காப்பி அப்ளிகேசன் போட்டு தீர்ப்போட சர்டிஃபைட் காப்பி வாங்கி, சலான் போட்ட ஆபீஸுக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனேன், அதுக்குப் பெறகுதான் எடுத்தாங்க. அப்ளிகேசன் போடுறப்பவே ரெண்டு காப்பியா கேட்டு வாங்கிருங்க, ஒண்ணு அவங்களுக்குப் போயிரும், இன்னொண்ண வண்டி பெட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கேன்.