கைப்பேசியில் ஒரு கூட்டல் குறி

போலந்தில் கிராகோவில் வேலை பார்க்கிறேன். என் பக்கத்து மேசைக்காரன் உக்ரைனின் கார்கிவ் நகரத்தவன். போருக்குச் சில ஆண்டுகள் முன்பே இங்கு வந்துவிட்டவன். சொந்த ஊரின் போரை வெளிநாட்டில் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை அவன்தான் சொல்ல வேண்டும். பக்கத்து நாற்காலியிலிருந்து நான் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

2022 பிப்ரவரி 24 அன்று விடியற்காலை அவனுடைய அம்மா அழைத்து, "தொடங்கிவிட்டது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ரஷ்ய எல்லையிலிருந்து கார்கிவ் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்தான். எட்டு மணிக்கெல்லாம் அவன் அலுவலகத்தில் இருந்தான். இன்றைக்கு ஏன் வந்தாய் என்று கேட்டேன். "வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வது?" என்றான்.

அம்மா இருந்தது சால்திவ்காவில். சோவியத் காலத்து அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக நிற்கும் பகுதி; கார்கிவில் மிக மோசமாக அடி வாங்கியதும் அதுதான். அவர் மெட்ரோ சுரங்க நிலையத்தின் நடைமேடையில் மெத்தை விரித்துப் படுத்திருந்தார். ஆனால் தினமும் ஒருமுறை மேலே வந்து, லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஏழு மாடி ஏறிப் போவார். எதற்கு? ஜன்னலோரம் பால் அட்டைப்பெட்டிகளில் போட்டிருந்த தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் ஊற்ற. அந்த ஊரில் பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் நாற்று விட்டுவிடுவார்களாம். மகன் தொலைபேசியில் கத்துவான். அவர் நிதானமாக, "நீ சாப்பிட்டாயா?" என்பார். குண்டு விழும் இடத்தில் இருப்பவர் பத்திரமாக இருப்பவனைத் தேற்றுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவனுக்கு அது ஆறுதலாக இல்லை, அவமானமாக இருந்தது.

எனக்கு விளங்க நாளானது மொழி விஷயம்தான். அவர்கள் வீட்டில் ரஷ்ய மொழிதான் பேச்சு. கார்கிவில் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். மார்ச் மாதத்தில் ஒருநாள் அவன் பேச்சின் ஓசை மாறியிருப்பது தெரிந்தது. இருவரும் உக்ரைன் மொழிக்கு மாறியிருந்தார்கள். அம்மாவுக்குச் சொல் வராது; தடுமாறுவார், இவன் எடுத்துக்கொடுப்பான், இருவரும் சிரிப்பார்கள். அந்த நாட்களில் அவன் சிரித்தது அதற்கு மட்டும்தான். தாய்மொழியை அவர்களிடமிருந்து யாரும் பிடுங்கவில்லை, அவர்களாகவே இறக்கி வைத்துவிட்டார்கள். மொழிக்காகத் தெருவில் இறங்கிய ஊரிலிருந்து வந்த எனக்கு இது இன்னமும் முழுதாகச் செரிக்கவில்லை. அம்மாவின் தங்கை எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்கரோத்தில் இருக்கிறார். "ராணுவ இலக்குகளை மட்டும்தான் அடிக்கிறார்கள்" என்று அக்காவிடமே சாதித்தாராம். அதன்பிறகு இரண்டு வீடுகளுக்கும் பேச்சில்லை.

அவனுடைய தம்பி உக்ரைன் படையில் சேர்ந்துவிட்டான். இவனும் பையைக் கட்டிக் கதவருகே வைத்திருந்தான். 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடை வந்திருந்தது, போனால் போனதுதான். தம்பி ஒரே போடாகப் போட்டான்: "உனக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது. அங்கிருந்து சாமான் அனுப்பு." அவ்வளவுதான், எங்கள் அலுவலக மூலை கிடங்காகிவிட்டது. காயம்பட்ட கை காலில் ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டைகள்தான் முதலில் வந்தன. மலிவுச் சரக்கில் முறுக்கும் குச்சி ஒடிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு கட்டிலும் ஒன்றைச் சோதிப்பான். சோதனைக்கு என் கை. விரல் மரத்து, நாடி நிற்கிற வரை முறுக்குவான். "வலிக்கிறதா? அப்படியானால் நல்ல சரக்கு."

தம்பியிடமிருந்து தினமும் வருவது ஒரு கூட்டல் குறி மட்டும். "உயிரோடு இருக்கிறேன்" என்று பொருள். களத்தில் இருக்கும் பலர் வீட்டுக்கு அனுப்புகிற கடிதமே அதுதானாம். அந்தச் செப்டம்பரில், கார்கிவ் பகுதியின் 'இசியும்' என்ற நகரை உக்ரைன் படை மீட்ட வாரத்தில், மூன்று நாள் குறி வரவில்லை. கைப்பேசியைத் திரை மேலாக மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்து, வேலை செய்வதுபோல் விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தான். நான்காம் நாள் மதியம் திரை ஒளிர்ந்தது. '+'. எழுந்து கழிப்பறைக்குப் போனான். அரைமணி நேரம் வரவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை.

*

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் கார்கிவில் மருத்துவம் படித்தவள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மார்ச் 2 அன்று இந்தியர் எல்லோரும் உடனே நகரைவிட்டு வெளியேறுங்கள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது போங்கள் என்று தூதரகம் அறிவித்தது. நகருக்கு வெளியே பெசோச்சின் என்ற ஊர் வரை நடந்தோம். அதற்கு முன் ரயில் நிலையத்தில் எங்களை ஏறவிடாமல் தள்ளிய கைகளை நான் மறக்கவில்லை. கிளம்பும்போது கையில் ரொட்டியும் கம்பளிக் காலுறையும் திணித்த வீட்டுக்கார பாபூஷ்காவையும், அதாவது பாட்டியையும், மறக்கவில்லை. இரண்டும் ஒரே ஊர்தான்.

ஊருக்கு வந்தபின் என் கைப்பேசியில் அவர்களுடைய வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலியை வைத்திருந்தேன். கார்கிவுக்குச் சங்கு ஊதினால் எங்கள் அடுக்களையிலும் ஊதும். அம்மா முதலில் திட்டினார். பிறகு அவரே, "உன் பாட்டிக்குப் போன் போட்டாயா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

*

நானும் இந்தப் பதிவைப் படித்துத்தான் எழுதுகிறேன். டொரோண்டோவில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தான். எங்களுக்கு எதிர்வீடு ஒரு உக்ரைன் குடும்பம். போர் தொடங்கியபோது இங்கே 23ஆம் தேதி இரவு பத்து மணி. மறுநாள் காலை அந்த வீட்டு அக்கா வாசற்படிப் பனியை அள்ளிக்கொண்டே இருந்தார். அள்ளி முடித்த இடத்தையே மறுபடியும். நானும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த வாரம் நகரெங்கும் நீலமும் மஞ்சளுமாகக் கொடி பறந்தபோது எனக்குள் ஒரு காந்தல் இருந்தது. 2009 மே மாதம் ஈழப் போரை நிறுத்தக் கேட்டு இந்த நகரின் கார்டினர் நெடுஞ்சாலையில் குழந்தைகளோடு உட்கார்ந்த எங்களைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றுதான் பலர் பார்த்தார்கள். அது அந்த அக்காவின் குற்றமா? இல்லை. ஆனாலும் இருந்தது. தொடர்பு அறுந்த எண்ணுக்கே திரும்பத் திரும்ப அழைப்பது எப்படி என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

*

மீண்டும் கிராகோவிலிருந்து. தனிச்செய்தியில் மூன்று பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: தக்காளி என்ன ஆயிற்று?

ஜன்னல் கண்ணாடி நொறுங்கிய அன்று அம்மா பெட்டிகளை மெட்ரோவுக்கே இறக்கிவிட்டார். வெளிச்சம் இல்லாமல் பாதி வாடிப்போயின. ஏப்ரலில் போல்தாவா பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனபோது மிஞ்சியதை மடியில் வைத்துக்கொண்டு போய் நட்டார். இலையுதிர்காலத்தில் பஸ் ஓட்டுநர் ஒருவர் கையில் நான்கு ஜாடி உப்புத் தக்காளி இங்கே வந்து சேர்ந்தது. "பட்டைக்குக் கை கொடுத்தவருக்கு" என்று ஒரு ஜாடி எனக்கு. உப்பு கொஞ்சம் தூக்கல். தயிர்சோற்றுக்குச் சரியாக இருந்தது.