புதுப்பிப்பு: வீடியோ புரிந்ததா என்று கேட்டிருந்தேனே

வீட்டில் பார்க்கச் சொல்லி அனுப்பும் வேதியியல் வீடியோ பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது எனக் கேட்டிருந்தேன். சிலர் எட்பசில் (வீடியோவுக்குள் கேள்வி சேர்க்க உதவும் இணையதளம்) என்றீர்கள், சிலர் கூகுள் ஃபார்ம்ஸே போதும் என்றீர்கள். இரண்டையும் போட்டுப் பார்த்தாச்சு.

ஃபார்மில் வீடியோவைச் சேர்க்கலாம், ஆனால் பார்த்தார்களா என்று அது சொல்லாது. எட்பசிலில் வீடியோ நடுவிலேயே கேள்வி வைக்கலாம், தள்ளிவிட்டுப் போகாமல் தடுக்கலாம், யார் எந்த இடத்தைத் திரும்பப் பார்த்தார்கள் என்பதும் தெரிகிறது. ஆனாலும் பார்த்தது வேறு, புரிந்தது வேறு. நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கெல்லாம் விடை வாட்ஸ்அப்பில் சுற்றிவிடுகிறது, அதில் நம்ம பிள்ளைகள் கெட்டி!

அதனால் இப்போது எழுதிச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: நம்ம சேலத்து மேக்னசைட்டை (மெக்னீசியம் கார்பனேட் கனிமம்) சூளையில் சுட்டால் எடை பாதிக்குக் கீழே போய்விடுகிறதே, மீதி எங்கே போனது? வீடியோவில் சமன்பாடு இருக்கிறது, எடையைப் பற்றிப் பேச்சே இல்லை. கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட்டது என்று எழுதியவர்களுக்குப் பாடம் பிடிபட்டிருக்கிறது. "எரிஞ்சு போச்சு" என்றவர்களுக்காக மறுநாள் சாக்பீஸை எடுக்க வேண்டியதாயிற்று.

அப்புறம், ஏற்காடு மேலிருந்து வரும் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் சரியில்லை. அவர்களுக்கு மதிய இடைவேளையில் லேபில் போட்டுக் காட்டுகிறேன். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.