நேர்மாறு உலகத்து இரட்டையர்: கலகலப்பான சூப்பர்ஹீரோ கதையில் கனமான விஷயம் எப்படி நிற்கிறது?

மைக்கூடு (கேள்வி):
வணக்கம். 24 பக்கத்தில் ஒரு வெப்காமிக்ஸ் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹீரோ கலகலப்பான ஆள். இன்னொரு உலகத்தில் அவருக்கு ஒரு கெட்ட இரட்டை. கதையில் ஒரு சாவும் வருகிறது. ஸ்கிரிப்டைப் படித்தவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள்: இரட்டை வெறும் வில்லனாகத் தெரிகிறானாம், சாவு வரும் இடத்தில் வேறு கதைக்குள் போய்விட்ட மாதிரி இருக்கிறதாம். 'பேட்மேன்: த ப்ரேவ் அண்ட் த போல்ட்' (2008–2011) கார்ட்டூன் தொடர் இரண்டையும் செய்திருக்கிறது. பேட்மேனின் கெட்ட இரட்டையான அவுல்மேன் வரும் இரண்டு எபிசோடுகளும் 'சில் ஆஃப் த நைட்' எபிசோடும் எப்படிச் சாதித்தன என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

பனையோலை:
இரட்டையிலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த வகைக் கதைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் தலைகீழாக்குவது. அவுல்மேன் முதலில் வந்த 1964 ஜஸ்டிஸ் லீக் காமிக்ஸில் அப்படித்தான். 'எர்த்-த்ரீ' உலகத்தில் கொலம்பஸ் அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஐரோப்பாவைக் கண்டுபிடிக்கிறார். நடிகர் லிங்கன் ஜனாதிபதி பூத்தைச் சுடுகிறார். சூப்பர்மேனை வீழ்த்தும் கிரிப்டோனைட், அவரது கெட்ட இரட்டையான அல்ட்ராமேனுக்குப் புதுப்புது சக்தி தருகிறது. (ஸ்டார் ட்ரெக்கின் புகழ்பெற்ற கண்ணாடி உலக எபிசோடு 1967-ல்தான் வந்தது. காமிக்ஸ் மூன்று வருஷம் முந்தியது.) படிக்கச் சுவையான வழி, ஆனால் ஒவ்வொன்றையும் விளக்கப் பக்கம் வேண்டும். 24 பக்கத்துக்கு இது தாங்காது.

இரண்டாவது, ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுவது. கார்ட்டூன் அவுல்மேனுக்கு பேட்மேனின் மூளை, திட்டம், கருவிகள், பொறுமை எல்லாம் அப்படியே இருக்கின்றன. குரல்கூட அதே டீட்ரிக் பேடர்தான். இல்லாமல் போனது 'இந்தக் கோட்டைத் தாண்ட மாட்டேன்' என்ற ஒரு கட்டுப்பாடு மட்டும். அதனால் அவன் செய்யும் ஒவ்வொன்றும் 'பேட்மேனும் இதைச் செய்திருக்க முடியும்' என்று நம்மை நினைக்க வைக்கிறது. உங்கள் ஸ்கிரிப்டில் இரட்டை அடிக்கடி சிரிக்கிறானா, தன் கெட்ட குணத்தைத் தானே பேசிக் காட்டுகிறானா என்று பாருங்கள். அப்படியானால் அந்த வசனங்களை வெட்டிவிட்டு, ஹீரோ ஏற்கெனவே பேசிய வசனம் ஒன்றை அப்படியே அவன் வாயில் போடுங்கள். முதல் முறை உதவியாகக் கேட்டது, இரண்டாம் முறை மிரட்டலாகக் கேட்க வேண்டும்.

காமிக்ஸில் குரல் கிடையாது. முகமும் ஒன்றேதான். ஆகவே வித்தியாசம் உடல்மொழியில் வர வேண்டும்: தோள் நிற்கும் விதம், கை எங்கே இருக்கிறது, எதிராளிக்கு எவ்வளவு நெருக்கத்தில் நிற்கிறான். இருவரையும் முழுக் கறுப்பு நிழலாக நிரப்பி, கட்டை விரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். யார் யார் என்று தெரியாவிட்டால் போஸைத்தான் திருத்த வேண்டும், உடையின் நிறத்தை அல்ல.

கரித்துண்டு:
பனையோலை சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

முதலாவது, வரிசை. 'டீப் கவர் ஃபார் பேட்மேன்' முதல் சீசனின் 12-வது எபிசோடு. அதற்குள் புளூ பீட்டில், பிளாஸ்டிக் மேன், அக்வாமேன், ரெட் டொர்னாடோ, கிரீன் ஆரோ என்ற ஹீரோக்கள் எல்லோரும் நமக்குப் பழகிவிட்டார்கள். அதற்குப் பிறகே ஸ்கார்லெட் ஸ்காரப், சில்வர் சைக்ளோன், புளூ போமேன் என்று அவர்களின் கெட்ட வடிவங்கள் வருகின்றன. அசல் ஆளை நேசிக்காதவர்களுக்கு நகலைப் பார்த்து வலிக்காது. உங்கள் கதையில் இரட்டை எந்தப் பக்கத்தில் வருகிறான்? 9-க்கு முன்னால் என்றால் தள்ளிவையுங்கள். அந்த எட்டுப் பக்கத்தில் ஹீரோ தனக்கு நஷ்டம் வந்தாலும் விடாத ஒரு பழக்கம், சண்டையில்லாத காட்சி ஒன்றில் வந்துவிட வேண்டும். பிறகு இரட்டையிடம் இல்லாதது அந்தப் பழக்கமாகவே இருக்கட்டும்.

இரண்டாவது, எண்ணிக்கை. அந்த எபிசோடில் கெட்ட வடிவங்கள் ஒரு கூட்டமே உண்டு, ஆனால் பெரும்பாலோர் சண்டைக்கு மட்டும். கனம் முழுக்க இரண்டு பேர் மேல்தான் விழுகிறது. ஒருவர், அவுல்மேன் வேஷத்தில் அந்தக் கும்பலுக்குள் நுழையும் பேட்மேன்: நண்பர்களின் முகங்களுக்கு நடுவே கெட்டவனாக நடிக்க வேண்டிய நிலை. இன்னொருவர் ரெட் ஹூட். 1951 காமிக்ஸில் பேட்மேனின் பரம எதிரி ஜோக்கர் பழைய நாளில் போட்டிருந்த முகமூடி அது. இங்கே முகமூடிக்குள் இருப்பது அந்த உலகத்து ஜோக்கர், ஆனால் நல்லவர், தனியாகப் போராடுகிறவர். கெட்டவனாவது தலையெழுத்து இல்லை என்பதை ஒரு வரி பிரசங்கம் இல்லாமல் அந்த ஒரு பாத்திரம் சொல்லிவிடுகிறது. அடுத்த எபிசோடான 'கேம் ஓவர் ஃபார் அவுல்மேன்'-ல் அவுல்மேன் பேட்மேன் உடையில் குற்றம் செய்து பழியைப் போட, பேட்மேன் தன் உலகத்து ஜோக்கரோடு கூட்டுச் சேர வேண்டிவருகிறது. முந்தைய எபிசோடில் அதே முகத்தை நம்பினோம். இங்கே நம்ப முடியாது. இரண்டையும் ஜோடியாகப் பார்த்தால்தான் இதன் அழகு தெரியும்.

உங்களுக்கும் இது போதும்: ஒரு கெட்ட இரட்டை, ஒரு நல்ல இரட்டை. மற்றவர்கள் பின்னணியில் நிற்கட்டும்.

பழம்பக்கம்:
சாவு விஷயத்துக்கு வருகிறேன். 'சில் ஆஃப் த நைட்' (ஏப்ரல் 2010, எழுதியவர் பால் டினி) பேட்மேனின் பெற்றோரைக் கொன்ற ஜோ சில் பற்றியது. இதைவிடக் கனமான கதை அந்தத் தொடரில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் தொடரின் சட்டதிட்டம் ஒன்றைக்கூட அது உடைக்கவில்லை. வழக்கமான குட்டி முன்கதை உண்டு. அதில் ஸாட்டானா என்ற மந்திரக்காரியோடு சேர்ந்து பேட்மேன் போடும் மந்திரச் சண்டை. அதே தடித்த கோடு, 1950-களின் டிக் ஸ்ப்ராங் ஓவியங்களை நினைவூட்டும் அதே அகலத் தாடை. வில்லன் கூட்டமும் அதே கோமாளிக் கூட்டம்தான். ஜோ சில்லிடம் ஆயுதம் வாங்க வந்தவர்கள், பேட்மேனை உருவாக்கியவன் அவனே என்று தெரிந்ததும் அவன் மேலேயே பாய்கிறார்கள். பார்க்க வேடிக்கையான அந்தக் கூட்டமே அங்கே பயமாகிறது. கலகலப்பை விலக்கிவிட்டுச் சோகத்தைக் கொண்டுவரவில்லை, அதன் உள்ளிருந்தே எடுத்திருக்கிறார்கள்.

குரல்களைக் கவனியுங்கள். பழிவாங்கு என்று தூண்டும் அமானுஷ்ய சக்தியான ஸ்பெக்டருக்கு மார்க் ஹேமில். மறுபக்கம் நிற்கும் இன்னொரு அமானுஷ்யரான ஃபேன்டம் ஸ்ட்ரேஞ்சருக்கு கெவின் கான்ராய். 1992 கார்ட்டூனில் ஜோக்கருக்கும் பேட்மேனுக்கும் குரல் கொடுத்தவர்களே இந்த பேட்மேனின் ஆன்மாவுக்காகப் பந்தயம் கட்டுகிறார்கள்! அப்பா தாமஸ் வேய்னுக்கு 1966 தொடரின் பேட்மேன் ஆடம் வெஸ்ட், அம்மாவுக்கு அதே தொடரின் கேட்வுமன் ஜூலி நியூமர். தெரிந்தவர்களுக்கு நெஞ்சை அடைக்கும். தெரியாதவர்களுக்கும் கதை குறையாது.

உங்கள் ஸ்கிரிப்டில் சாவுப் பக்கத்தில் நிறத்தை மங்கலாக்கி, எழுத்துருவை மாற்றி, கட்டங்களைச் சரித்து வைத்திருக்கிறீர்களா? 'வேறு கதை' என்ற உணர்வு பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். ஸ்டைலைத் தொடாதீர்கள். வேகத்தை மட்டும் குறையுங்கள்: பக்கத்துக்கு ஆறு கட்டம் என்றால் அங்கே மூன்று, அதில் ஒன்று வசனமில்லாமல். சாவுக்கு முந்தைய இரண்டு பக்கத்தில் ஜோக் இருக்கலாம், ஆனால் சாகப்போகிற ஆளைக் கேலி செய்யும் ஜோக் வேண்டாம். பிந்தைய பக்கத்தில் சமாதானம் சொல்லும் ஜோக் கூடவே கூடாது. பலர் கதையைக் கெடுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான்.

மைக்கூடு:
மூவருக்கும் நன்றி. என் இரட்டை 4-வது பக்கத்திலேயே வந்துவிடுகிறான், 10-க்குத் தள்ளுகிறேன். சாவுப் பக்கம் முழுக்கக் கறுப்பு-வெள்ளை, அதையும் மாற்றுகிறேன். ஒரே கேள்வி: 65 எபிசோடையும் பார்க்க இப்போது நேரமில்லை. எவை போதும்?

கரித்துண்டு:
முதல் நான்கு எபிசோடுகளில் புளூ பீட்டில், பிளாஸ்டிக் மேன், அக்வாமேன், ரெட் டொர்னாடோ அறிமுகமாகிவிடுவார்கள். பிறகு 12, 13 இரண்டையும் ஒரே மூச்சில். இரண்டாம் சீசனில் 'சில் ஆஃப் த நைட்'. அதன் பிறகு 'த லாஸ்ட் பேட்ரோல்': பிரிந்துபோன டூம் பேட்ரோல் என்ற ஹீரோக் குழு திரும்பச் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒரு சின்ன மீனவ ஊருக்காக உயிரைக் கொடுக்கும் கதை. 1968 காமிக்ஸ் முடிவைத் தழுவியது. தியாகம் எழுதுகிறவர் அதன் கடைசி ஐந்து நிமிடத்தைக் கட்டம் கட்டமாக நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பழம்பக்கம்:
'த லாஸ்ட் பேட்ரோல்' பார்க்கும்போது வில்லன் அவர்களுக்கு முன்னால் வைக்கும் தேர்வைக் குறித்துக்கொள்ளுங்கள். சண்டையில் தோற்றுச் சாகவில்லை, கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லிச் சாகிறார்கள். உங்கள் ஆள் அடிபட்டுச் சாகிறான் என்றால் அதையும் இப்படி ஒரு தேர்வாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். திருத்திய 9 முதல் 14 வரையிலான பக்கங்களை இங்கே போட்டால் கட்டம் கட்டமாகப் பார்த்துச் சொல்கிறேன்.