கவர் பாடுகிறவன் திருடனா? பழையாற்றங்கரைக்கு ஒரு பதில்

வடசேரி கீபோர்டு:
பழையாற்றங்கரை என்ற பெயரில் எழுதுகிறவர் நேற்று இங்கே ஒரு பதிவு போட்டிருந்தார். நாகர்கோவிலில் புதிதாகத் திறந்த ஒரு துணிக்கடையில் பழைய சினிமாப் பாட்டுகளை யாரோ ஒரு பெண் கிதாரோடு மெல்லப் பாடியதை ஓட விட்டார்களாம். ஏற்கெனவே வந்த பாட்டை வேறு ஒருவர் திரும்பப் பாடுவதைத்தான் கவர் என்கிறார்கள். "சொந்தமாக மெட்டுப் போட வக்கில்லாதவன் கவர் பாடுகிறான், பணம் கட்டாமல் தப்பிக்க நினைக்கிறவன் அதை ஓட விடுகிறான், இரண்டு பேரும் திருடர்கள்" என்று எழுதி முடித்திருந்தார். இருபத்தெட்டு வருடமாக மேடையில் அடுத்தவர் மெட்டை வாசித்துத்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அந்தச் சொல்லைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் ஒன்று. ஸ்டுடியோவில் பதிந்த ஒலிப்பதிவு இன்னொன்று. விளம்பரக் கம்பெனிக்காரன் அசல் பதிவை எடுத்தால் இரண்டு உரிமையாளர்களிடமும் போய் நிற்க வேண்டும். புதிதாகப் பாடிப் பதிந்தால் பதிவு அவனுடையது, மெட்டுக்கும் வரிக்கும் உரியவரிடம் மட்டும் பேசினால் போதும். அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களையே 2021 முதல் திரும்பப் பாடி வெளியிட்டாரே, எதற்கு? பாட்டு அவர் எழுதியது, பழைய பதிவுகள் வேறு கையில் இருந்தன. கடைக்காரனுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அசல் குரல் ஒலித்தால் சேலை பார்க்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பாட்டைக் கேட்பார்கள். மெல்லிய குரலில் வந்தால் தெரிந்த பாட்டாகவும் இருக்கும், வியாபாரத்துக்கு இடைஞ்சலாகவும் இருக்காது.

பாடுகிறவனுக்கு வருவோம். மண்டைக்காட்டுக் கொடையில் இருந்து கோட்டாறு சவேரியார் திருவிழா வரை எங்கே போனாலும் என் சொந்த மெட்டை வாசித்தால் முன்வரிசை கடலை வாங்க எழுந்துவிடும். தெரிந்த பாட்டின் முதல் நாலு ஸ்வரம் விழுந்தால் போதும், போனவர்களும் திரும்பி வந்து உட்காருவார்கள்.

முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு முடிந்த பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிப் பதியலாம் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்தில் 31சி என்று ஒரு பிரிவே போட்டிருக்கிறார்கள். திருட்டுக்கா சட்டத்தில் பிரிவு போடுவார்கள்?

பழையாற்றங்கரை:
"யார் வேண்டுமானாலும்" என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது அண்ணாச்சி? அதே 31சியைக் கீழே வரைக்கும் படியுங்கள். முன்கூட்டி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உரிமைத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கு. கவர் என்று அட்டையில் அச்சிட வேண்டும். முதலில் பாடியவரின் பெயரோ படமோ போடக் கூடாது. அவசியம் இல்லாமல் மெட்டையும் வரியையும் மாற்றக் கூடாது. இத்தனை வேலியையும் தாண்டிவிட்டா உங்கள் கூட்டாளிகள் பாடுகிறார்கள்? ஐந்து வருடம் ஆனால் இலவசம் என்று ஊரை ஏமாற்றாதீர்கள்.

வடசேரி கீபோர்டு:
இலவசம் என்று நான் எங்கே எழுதினேன்? "பாடிப் பதியலாம்" என்றுதான் இருக்கிறது. மேலே போய் இன்னொரு தடவை படித்துப் பாரும்.

பழையாற்றங்கரை:
"யார் வேண்டுமானாலும்" என்றால் இலவசம் என்றுதான் படிக்கிறவன் நினைப்பான்.

வடசேரி கீபோர்டு:
யார் வேண்டுமானாலும் பஸ்ஸில் ஏறலாம். அதற்காக டிக்கெட் எடுக்க வேண்டாம் என்றா அர்த்தம்? ஐந்து ஆண்டு முடிந்துவிட்டால், நிபந்தனைப்படி பணம் கட்டுகிறவனை உரிமையாளர் தடுக்க முடியாது. நான் சொன்னது அவ்வளவுதான்.

மார்த்தாண்டம் மைக்செட்:
இரண்டு பேரும் ஐந்திலேயே நிற்கிறீர்கள், அறுபதைப் பாருங்கள். ஒலிப்பதிவுக்கு உரிமை 60 ஆண்டுதான். 1964-ல் படகோட்டியில் வந்த 'தொட்டால் பூ மலரும்' பதிவுக்கு 2024 டிசம்பரோடு காலம் முடிந்தது. இனி அந்த அசலையே போட்டுக்கொண்டு போகலாமே, கவர் எதற்கு? நம் பக்கத்துக் கானமேளாக்களில், அதுதான் மேடைப் பாட்டுக் கச்சேரிகளில், இதைச் சொன்னால் ஒருவனுக்கும் புரிவதில்லை.

வடசேரி கீபோர்டு:
அரைகுறையாகப் பேசாதேயும் வே. முடிந்தது பதிவின் உரிமை மட்டும். மெட்டுக்கு, போட்டவர் இறந்து 60 ஆண்டு. இரண்டு பேர் சேர்ந்து போட்டால் கடைசியாகப் போனவரில் இருந்து கணக்கு. ராமமூர்த்தி 2013-ல் போனார், எம்.எஸ்.வி. 2015-ல். அந்த மெட்டு 2075 முடிய இருக்கிறது. வாலியும் 2013-ல்தான் போனார், வரி 2073 வரை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959-லேயே போய்விட்டார், அவருடைய வரிகள் 2020 பிறந்ததும் பொதுச்சொத்து ஆகிவிட்டன. ஆனால் அந்த வரிகளுக்கு மெட்டுப் போட்டவர்களின் கணக்கு தனி. 'தொட்டால் பூ மலரும்' பாட்டையே 2004-ல் நியூ படத்தில் ரகுமான் திரும்பப் போட்டாரே, அவருக்கு மெட்டுப் போட வக்கில்லையா? பழையாற்றங்கரை இதற்குப் பதில் சொல்லட்டும்.

பழையாற்றங்கரை:
அது ரீமிக்ஸ். பேச்சை மாற்றாதீர்கள். "யார் வேண்டுமானாலும்" என்று எழுதியது தப்பா இல்லையா?

தோவாளைப் பிச்சி:
அண்ணன்மாரே, பாடுகிறவள் நான் ஒருத்தி இருக்கிறேன், ஒரு நிமிடம் கேளுங்கள். ஏழு வருடத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் ஒரே நாளில் பத்துப் பழைய பாட்டுப் பாடினேன். பாட்டுக்கு இவ்வளவு என்று பேசி, சாயங்காலம் உறையில் போட்டுப் பணம் கொடுத்தார்கள். "குரலைக் கொட்டாதே, காதுக்குள் பேசுவது போலப் பாடு" என்று சொல்லிச் சொல்லியே பாட வைத்தார்கள். போன மாதம் அம்மாவுக்குப் பல் பிடுங்க அழைத்துப் போன இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே சின்ன ஸ்பீக்கரில் என் குரல். இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கிய இடம்கூட அப்படியே கேட்டது. அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். அங்கே இருந்த ஒருவருக்கும் அது நான் என்று தெரியாது, பெயர் எங்கேயும் இல்லை. கடைக்காரர் திருடரா, மெட்டுக்குப் பணம் போனதா என்று இவ்வளவு பேசுகிறீர்களே, பாடியவளுக்கு என்ன என்று யாராவது கேட்டீர்களா?

வடசேரி கீபோர்டு:
தங்கச்சி சொல்வது நியாயம். அதனால்தான் சொல்கிறேன், ஐந்து ஆண்டுக்குப் பிறகு நீயே சட்டப்படி பதிந்திருந்தால் பதிவு உன் சொத்து. அடுத்தவனுக்குப் பாடிக் கொடுத்ததால்தான் போயிற்று.

பழையாற்றங்கரை:
50,000 பிரதிக்கு முன்பணம் அந்தப் பிள்ளை எங்கே போய்க் கட்டும்? இப்போது புரிகிறதா, "யார் வேண்டுமானாலும்" என்பது எவ்வளவு பெரிய பொய் என்று?

தோவாளைப் பிச்சி:
நான் கேட்டது அது இல்லை அண்ணாச்சி.

குளச்சல் அலை:
சட்டம் கிடக்கட்டும். 2017-ல் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கே ராஜா தரப்பில் இருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. அந்தப் பாட்டுகளைப் பாடிப் புகழாக்கியவருக்கே அந்த நிலைமை. பாடியவருக்கு உரிமை இல்லாத பாட்டு என்ன பாட்டு?

பழையாற்றங்கரை:
போட்டவர் இல்லாமல் பாடியவர் எங்கே இருந்து வந்தார்? ராஜா கேட்டது முழு நியாயம். மெட்டைப் பெற்றவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

குளச்சல் அலை:
நட்பு என்று ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது.

வடசேரி கீபோர்டு:
ராஜா சண்டையை இங்கே இழுக்க வேண்டாம், இழுத்தால் விடியும் வரை முடியாது. மேடைக்கு வாருங்கள். கவர் என்றால் சோம்பேறித்தனம் என்கிறவர் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். மேடை ஏறிய பிறகு பாடகர் காதில் வந்து, "அண்ணே, தொண்டை கட்டியிருக்கு, சுருதியை அரைக்கட்டை இறக்குங்க" என்பார். எனக்கு ஒரு பட்டன், அமுக்கினால் கீபோர்டு இறங்கிவிடும். புல்லாங்குழல்காரர் என்ன செய்வார்? அவருக்குச் சுருதி மாறினால் குழலையே மாற்ற வேண்டும். இருட்டில் பையைத் திறந்து, ஒவ்வொரு குழலாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து எடுப்பதற்குள் அறிவிப்பாளர் பாட்டின் பெயரையே சொல்லி முடித்திருப்பார். வயலின் முப்பது பேர் வாசித்த இடையிசையை நான் ஒரு கையில் கொண்டு வர வேண்டும், இடது கையில் பேஸ் போக வேண்டும். அசல் எப்படி இருக்கும் என்று எதிரே இருக்கும் ஆயிரம் பேருக்கும் மனப்பாடம். ஒரு ஸ்வரம் பிசகினால் முகம் சுளிப்பார்கள். சொந்த மெட்டில் பிசகினால் யாருக்குத் தெரியும்? இதைத் திருட்டு என்று சொல்ல எப்படி மனம் வந்தது உமக்கு?

பழையாற்றங்கரை:
உங்கள் கையை நான் குறை சொல்லவில்லை. துணிக்கடையைச் சொன்னேன். 1980களில் பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பதிந்து மலிவு கேசட்டாக விற்றுத்தான் டி-சீரிஸ் கம்பெனி பெரிதாக வளர்ந்தது. 2012-க்கு முன்னால் காத்திருக்க வேண்டியது இரண்டு ஆண்டுதான், பிறகுதான் ஐந்தாக்கினார்கள். வியாபாரிக்குப் பாட்டின் மேல் பிரியமா, அசலுக்குப் பணம் கொடுக்காமல் அசலின் மணத்தை விற்கிற ஆசையா? அமெரிக்காவில் ஃபோர்டு கார் விளம்பரத்துக்குப் பாட பாடகி பெட் மிட்லர் மறுத்தார். அவரோடு பின்குரல் பாடிய பெண்ணையே கூப்பிட்டு அவரைப் போலவே பாட வைத்தார்கள். பாட்டுக்கு அனுமதி வாங்கியிருந்தும், 1988-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மிட்லர் பக்கம்தான் நின்றது. கடையில் கவர் ஓடும்போதெல்லாம் எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வருகிறது.

வடசேரி கீபோர்டு:
அது குரலைப் போலி செய்த வழக்கு. தோவாளைத் தங்கச்சி யார் குரலைப் போலி செய்தது? காதுக்குள் பேசுவது போல எந்தப் பழைய பாடகி பாடினார்? உதாரணம் தேடும்போது உமக்கே எதிராகத் தேடுகிறீர்.

மார்த்தாண்டம் மைக்செட்:
கல்யாண வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்யாணத்துக்கும் அது சார்ந்த கொண்டாட்டத்துக்கும் அசலைப் போட்டாலும் கட்டணம் இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது, 2023-ல் மத்திய அரசும் அதை அறிவிப்பாகச் சொன்னது. பிறகு ஏன் மண்டபத்தில் கானமேளா வைத்துக் கவர் பாடுகிறார்கள்? பணத்துக்காகத்தான் கவர் என்பது பொய்.

பழையாற்றங்கரை:
அது "கானமேளா" இல்லை, இன்னிசைக் கச்சேரி. 1956-லேயே குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுத் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தாயிற்று, உங்கள் பக்கத்தில் இன்னும் அந்த மலையாளச் சொல் போகவில்லை.

மார்த்தாண்டம் மைக்செட்:
என் அப்பா கானமேளா என்றார், நானும் அப்படித்தான் சொல்வேன். நாகர்கோவில்காரர்கள் எங்களுக்குத் தமிழ் சொல்லித் தர வேண்டாம். மாவட்டத்தைச் சேர்க்கச் சிறைக்குப் போனவர்களில் எங்கள் விளவங்கோட்டுக்காரர்களும் உண்டு.

வடசேரி கீபோர்டு:
என்.எஸ்.கிருஷ்ணன் பிறந்த மண், தேரூர்க் கவிமணி பிறந்த மண். கவிமணி 1954-ல் மறைந்தார், அவர் பாட்டுகளுக்கு இன்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். புது மெட்டுப் போட்டுப் பாடச் சொல்லி ஐந்து விழாக் கமிட்டிகளிடம் கேட்டேன். "சினிமாப் பாட்டு வாசியுங்கள்" என்றார்கள். என்னைத் திருடன் என்கிறவர் முதலில் அந்தக் கமிட்டிகளைக் கேட்கட்டும்.

இன்னொன்று, மைக்செட் தம்பி. போன வருடத் திருவிழாவில் பாதிக் கச்சேரியில் உம்முடைய ஆம்ப்ளிஃபயர் படுத்து நாற்பது நிமிடம் நாங்கள் மேடையில் விழித்துக்கொண்டு நின்றோம். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

மார்த்தாண்டம் மைக்செட்:
ஜெனரேட்டரை ஏற்பாடு செய்தது கமிட்டி. கரண்ட் ஏறி இறங்கியதற்கு நான் என்ன செய்ய? அந்த ஆம்பைச் சரி செய்த பணத்தை எனக்கு யார் கொடுத்தார்கள்?

வடசேரி கீபோர்டு:
ஸ்டெபிலைசர் கொண்டு வராதது யார்?

தோவாளைப் பிச்சி:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

வடசேரி கீபோர்டு:
சொல்கிறேன் தங்கச்சி, ரிகர்சலுக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன். பழையாற்றங்கரை "திருடன்" என்ற சொல்லை எடுக்கும் வரை நான் விடுவதாக இல்லை. ஐந்து ஆண்டு முடிந்த பாட்டை யார் வேண்டுமானாலும் பாடிப் பதியலாம். மறுபடியும் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளும்.

பழையாற்றங்கரை:
பணம் கட்டி.

வடசேரி கீபோர்டு:
பணம் கட்டித்தான் வே! கட்ட வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்?