எச்பிஏ1சி (மூன்று மாசச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 6.0: ஜவ்வரிசி, மாம்பழத்தை விடணுமா?

அஸ்தம்பட்டி:
வெறும் வயிற்றில் சர்க்கரை 112. மாத்திரை இன்னும் இல்லை. காலையில் ஜவ்வரிசி உப்புமா லேசான சாப்பாடுதானே? சாயங்காலம் தட்டுவடை செட் (தட்டைகளுக்கு நடுவே காய்த் திருவல் வைத்த நொறுக்கு) சாப்பிடலாமா? மல்கோவா சீசனில் என்ன செய்வது? ஞாயிறுதோறும் மலையேறுகிறேன், அது போதுமா?

செவ்வாய்ப்பேட்டை:
லேசு இல்லைங்க. ஜவ்வரிசி என்பது மரவள்ளி மாவுச்சத்து மட்டும்தான்: 100 கிராமில் 85 கிராமுக்கு மேல் அதுவே, புரதம் கிட்டத்தட்ட பூஜ்யம். சர்க்கரை சட்டென்று ஏறும், கணையம் மொத்தமாக இன்சுலினைக் கொட்டணும். வாரம் ஒருநாள், பாதி அளவு, கூட வேர்க்கடலையும் பீன்ஸும். தட்டுவடை செட்டில் காய்த் திருவலைக் குறை சொல்லாதீங்க, பொரித்த தட்டைதான் வினை.
மாம்பழம் 100 கிராம் சதையில் சுமார் 14 கிராம் சர்க்கரை. சோறு சாப்பிட்ட கையோடு வேண்டாம். முற்பகலில் தனியாக இரண்டு துண்டு. ஜூஸ் கூடவே கூடாது.

ஏற்காடு அடிவாரம்:
ஞாயிறு மட்டும் மலையேறி மற்ற நாள் உட்கார்ந்தால் பலன் தங்காது. உழைக்கும் தசை இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை இழுக்கும். அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும். ராத்திரி சாப்பிட்ட அரை மணிக்குள் 15 நிமிடம் நடங்க.

அம்மாபேட்டை:
தறியில் நைட் ஷிப்டா? தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் மந்தமாகும். அடுத்த எச்பிஏ1சி மூன்று மாசம் கழித்துப் போதும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், முன்னாடியே பார்த்தால் பழைய கணக்கும் கலந்து வரும்.