குடும்பிமலை அடிவாரச் சிற்றூர்: பழைய வாக்காளர் இடாப்பு தேவை

வணக்கம். இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில், கிரானுக்கு மேற்கே, குடும்பிமலை அடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூரின் வரலாற்றைத் தொகுக்கிறோம். இப்போது அங்கே ஒருசில குடும்பங்கள்தான். ஊர் எப்போது கலையத் தொடங்கியது என்ற இடத்தில் தடைப்பட்டு நிற்கிறோம்: 1978 நவம்பர் சூறாவளியோடா, பிந்திய இடப்பெயர்வுகளிலா?

குடிசன மதிப்பீடு கைகொடுக்கவில்லை. 1981க்குப் பிறகு 1991இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் மட்டக்களப்பில் முழுமையாக எடுக்கவில்லை. அடுத்தது 2012தான். ஊர் வெறுமையானது இந்த இடைவெளிக்குள். 1 மைலுக்கு 1 அங்குல நில அளவை வரைபடத்தில் குளமும் வண்டிப்பாதையும் உண்டு, ஆட்கணக்கு இல்லை. மலைக்கே மூன்று பெயர்: குடும்பிமலை, தொப்பிகல, பாரன்ஸ் கேப். மூன்றிலும் தேடினோம். (ஒன்றை விட்டாலும் பல கோப்புகள் கண்ணில் படாது.) காணி அனுமதிப்பத்திரங்கள் நான்கு கிடைத்தன. அவை காணி கொடுத்த ஆண்டைச் சொல்லும், ஆள் வெளியேறிய ஆண்டைச் சொல்லாது.

தரையில் இருப்பவை: உடைந்த குளக்கட்டு, செங்கல் கிணறு, நாலைந்து வீட்டு அத்திவாரம், வரிசையாகப் புளியமரங்கள். பெரியவர்கள் "சூறாவளிக்கு முந்தி" என்றுதான் காலம் சொல்கிறார்கள், அதற்குமேல் ஆண்டு பிடிபடவில்லை.

மிஞ்சியிருப்பது வாக்காளர் இடாப்பு. வீடு வீடாகப் பெயர் இருப்பதால், சூறாவளிக்கு முந்தியதையும் பிந்தியதையும் அருகருகே வைத்தால் எந்தக் குடும்பம் எப்போது போனது என்பது தெளியும்.

இந்த ஊர் அடங்கும் கல்குடாத் தேர்தல் தொகுதியின் 1976 முதல் 1985 வரையான இடாப்புகளை, பிரதியாகவேனும், எங்கே பார்க்கலாம்?