சாப்பா மலைக்கிராமங்களில் நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன். செப்டெம்பரில் நானும் அக்காவும் வட வியட்நாமின் சாப்பாவுக்குப் போகிறோம். படிக்கட்டு வயல்களில் நெல் பழுக்கும் பருவம். ஃபன்சிப்பான் சிகரத்துக்கு (3,147 மீற்றர்) கேபிள் கார் ஓடுகிறது. மலைக்குப் போய்ப் பெட்டிக்குள் தொங்குவதில் எங்களுக்கு நாட்டமில்லை. லாவோ சாயில் ஹ்மொங் மக்களும் தா ஃபினில் சிவப்பு ஸாவோ மக்களும் வாழ்கிறார்கள். அந்த ஊர்களினூடாக நடந்து, இரவில் அவர்கள் வீடுகளிலேயே தங்க விருப்பம்.

அங்கே ஹ்மொங் பெண்களே வழிகாட்டிகளாக வருகிறார்கள். கொழும்பில் ஒரு முகவர் சொன்ன தொகையில் அவர்கள் கைக்கு எவ்வளவு சேருமோ! நேரடியாகப் பேசி ஒழுங்கு செய்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அக்கா சுத்த சைவம். மீன் சாறும் பன்றிக்கொழுப்பும் கலக்காத சாப்பாடு வேண்டும் என்பதை, விருந்தோம்புபவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? எனக்கு இதுதான் பெரிய கவலை.

மழை முற்றாக விட்டிருக்காதாம். சேற்றில் வழுக்காத சப்பாத்து புறக்கோட்டையில் கிடைக்குமா, அங்கேயே வாடகைக்கு எடுப்பது நல்லதா? ஹனோயிலிருந்து, சாப்பாவுக்குக் கிட்ட ரயில் நிலையம் உள்ள லாவோ காய் நகருக்கு இரவு ரயிலா, நேரே சாப்பாவுக்குப் பஸ்ஸா என்பதையும் சொன்னால் இந்த வாரமே டிக்கெட் எடுத்துவிடுவேன்.